கடையைப் பார்க்காதீங்க, கையைப் பாருங்க!



'என் பொண்ணு டாட்டூ குத்திக்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறா, என்ன செய்யறதுன்னே தெரியலை' என்று ரேஷன் கடை வரிசையிலும், கல்யாணப் பந்தியிலும் அம்மாக்கள் புலம்புவதை இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கிறேன். இதற்கு நம் பெண்கள் சொல்லும் பதில் இரண்டே இரண்டுதான். ஒன்று, 'கையை முறிச்சுடுவேன்னு சொல்லு.' இன்னொன்று, 'காலம் மாறிப் போச்சு, எக்கேடோ கெட்டுப் போகட்டும்னு விடு.' இந்த இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து. பதினெட்டு வயது தாண்டிய பிள்ளை முடிவு பண்ணிவிட்டால், நம் பேச்சைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் செய்யத்தான் போகிறது. அதை எங்கே செய்கிறது, யார் கையால் செய்கிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டிய விஷயம். கூடவே போய், நல்ல ஆளாகத் தேடிப் பிடித்து, நாள் குறித்துக் கொடுங்கள் என்கிறேன் நான்.

நான் பிளஸ் டூ வரை படித்த சாதாரணக் குடும்பத் தலைவி. பெரம்பூரில் இருக்கிறேன். எனக்கு டாட்டூ கிடையாது, குத்திக்கொள்ளும் ஆசையும் கிடையாது. ஆனால் என் அக்கா மகளுக்காக மூன்று கடை ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டது நிறைய. அதை நாலு பேருக்குச் சொல்லலாமே என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் 'இது நம்ம பண்பாடே இல்லை' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பாட்டியின் முன்னங்கையை நினைத்துப் பாருங்கள். கோலப் புள்ளி, தேள், தேர், சாமி பேர் என்று ஏதாவது ஒன்று பச்சையாக இருந்திருக்கும். என் மாமியார் கையில் இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் குறவர் இனப் பெண்கள் ஊர் ஊராக வந்து குத்திவிட்டார்கள். எழும்பூர் மியூசியத்தில் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர், 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற புத்தகத்தில் அந்த மை செய்யும் விதத்தைக்கூட எழுதி வைத்திருக்கிறார். மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் அரைத்து, துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படியும் கரியைச் சுரண்டி எடுப்பார்களாம். இப்போது கடையில் 'ஜிர்'ரென்று ஓடும் மின்சார மெஷினுக்கு 1891-ல் நியூயார்க்கில் சாமுவேல் ஓரைலி என்பவர் காப்புரிமை வாங்கினார். ஆக, கருவிதான் மாறியிருக்கிறதே தவிர, வேலை பழைய வேலைதான்.

அதற்காக அந்தக் காலத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் எனக்கு மனசில்லை. என் மாமியாரிடம் கேட்டேன். 'எனக்கு ஏழு வயசும்மா. ரெண்டு பேரு கையைப் புடிச்சுக்கிட்டாங்க. கத்தக் கத்தக் குத்தினாங்க. என்ன படம்னு யாரு என்னைக் கேட்டா?' என்றார். அந்தத் தெருவில் அன்று பத்துப் பெண் குழந்தைகளுக்கும் ஒரே ஊசிதானாம். இன்றைக்கு நம் பெண் தானே யோசித்து, தன் உடம்பில் தனக்குப் பிடித்ததைக் கேட்கிறாள். ஒரு விதத்தில் இது முன்னேற்றம்தான். ஆனால் அந்த ஒரே ஊசி மட்டும் இன்றைக்கும் சில இடங்களில் ஒழியவில்லை. பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண், காலேஜ் இரண்டாம் வருஷம். வீட்டில் கேட்டாள். அப்பா கத்தினார், அம்மா அழுதாள். அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தார்கள். அவளோ சிநேகிதிகளோடு ஒரு திருவிழாவுக்குப் போனவள், அங்கே பேட்டரி மெஷின் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் 200 ரூபாய்க்கு மணிக்கட்டில் ஒரு பட்டாம்பூச்சி குத்திக்கொண்டு வந்துவிட்டாள். ஊசி மாற்றினாரா, மை புதுசா, எதுவும் அவள் பார்க்கவில்லை. கை வீங்க ஆரம்பித்தது. வீட்டுக்குத் தெரிந்தால் அடி விழும் என்று ஐந்து நாள் முழுக்கை சுடிதார் போட்டு மறைத்திருக்கிறாள். காய்ச்சல் அனலாக அடித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. டாக்டர், 'நாலு நாள் முன்னாடி வந்திருந்தா மாத்திரையோட போயிருக்கும்மா' என்றார். சீழ் எடுத்து, ஊசி போட்டு, ரத்தப் பரிசோதனையை உடனே ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை, ஆறு மாதம் கழித்து ஒரு தடவை என்று எடுக்கச் சொன்னார். அந்த ஆறு மாதமும் அந்த அம்மா சோறு சாப்பிட்டாளோ இல்லையோ, தெய்வத்துக்குத்தான் வெளிச்சம். நல்லவேளை, ரிசல்ட் சுத்தமாக வந்தது. பட்டாம்பூச்சி இருந்த இடத்தில் இப்போது ஒரு தழும்பு.

எதற்கு அத்தனை தடவை பரிசோதனை என்று கேட்கலாம். டாட்டூ ஊசி மேல்தோலைத் தாண்டி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் உள்தோலில் மையை வைக்கிறது. மேல்தோல் உதிர்ந்து உதிர்ந்து புதுசாகும், உள்தோல் அப்படி உதிராது. அதனால்தான் மை ஆயுசுக்கும் நிற்கிறது. அங்கே ரத்தமும் உண்டு. முன்னால் உட்கார்ந்தவருக்கு மஞ்சள் காமாலை பி அல்லது சி வைரஸோ, எச்.ஐ.வி.யோ இருந்து, அதே ஊசி நம் பிள்ளைக்கும் பட்டால் நோய் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. காமாலை பி வைரஸ் உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில்கூடக் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். ஊசியை டெட்டால் பஞ்சில் துடைத்துவிட்டேன், வெந்நீரில் போட்டு எடுத்தேன் என்பதெல்லாம் கதைக்கு உதவாது. காமாலை பி-க்குத் தடுப்பூசி உண்டு. ஆறு மாதத்தில் மூன்று தவணை. உங்கள் பிள்ளைக்குச் சின்ன வயதில் போட்டிருக்கிறதா என்று பழைய தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். காமாலை சி-க்குத் தடுப்பூசியே கிடையாது.

சரி, நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? சென்னை மாதிரி ஊரில் மால், பஜார், அழகு நிலையத்து மாடி என்று திரும்பின பக்கமெல்லாம் போர்டு தொங்குகிறது. இங்கேதான் நம்மைப் போன்ற குடும்பப் பெண்களின் அனுபவம் கைகொடுக்கும். ஒரு நல்ல பிளவுஸ் டெய்லரை எப்படிக் கண்டுபிடிப்போம்? கடை வாசலில் தொங்கும் பொம்மையைப் பார்த்தா? இல்லையே. பக்கத்து வீட்டம்மா போட்டிருக்கும் பிளவுஸின் தோளையும் கைக்குழியையும் பார்த்து, அதுவும் நாலு சலவைக்குப் பிறகு எப்படி நிற்கிறது என்று பார்த்துத்தானே கொடுப்போம்? டாட்டூவுக்கும் அதே கணக்குதான்.

என் அக்கா மகளுக்கு 20 வயது. அவள் அப்பா, எங்கள் மாமா, 2021-ல் கொரோனா இரண்டாவது அலையில் போய்விட்டார். அவள் ஸ்கூல் படிக்கும்போது டைரியில் அவர் கைப்பட எழுதின 'கண்ணம்மா' என்ற ஒரு சொல் இருக்கிறது. அதை அவர் கையெழுத்திலேயே தன் முன்னங்கையில் குத்திக்கொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை. அக்கா முடியவே முடியாது என்றாள். நான்தான், 'நீ ஒத்துக்கலைன்னா எங்கயாவது போய்க் குத்திக்குவா. நான் கூட்டிட்டுப் போறேன், பொறுப்பு என்னுது' என்று சொல்லிக் கூட்டிப் போனேன்.

முதல் கடை ஒரு மாலில். கண்ணாடிக் கதவு, ஏ.சி., பாட்டு. டைரிப் பக்கத்தைக் காட்டினோம். அந்தப் பையன் அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. 'தமிழ்ல சூப்பர் ஸ்டைல் எழுத்து நிறைய இருக்கு மேடம், செலக்ட் பண்ணுங்க' என்று கம்ப்யூட்டரைத் திருப்பினான். அப்பா கையெழுத்து வேண்டும் என்று வந்த பெண்ணிடம் அச்செழுத்தைக் காட்டினால் என்ன அர்த்தம்? வரைந்து காட்டியதில் ஒரு புள்ளியையும் காணோம். அந்தத் தம்பிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அது அவர் குற்றமில்லை. ஆனால் தெரியாத எழுத்தை ஆயுசுக்கும் நிற்கும்படி குத்த அவர் தயாராக இருந்தாரே, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. போதாக்குறைக்கு, 'இன்னிக்கே பண்ணிக்கிட்டா பாதி விலை' என்றார். ஆடித் தள்ளுபடியில் புடவை எடுக்கலாம். ஆயுசுக்கும் அழியாத ஒன்றை அவசரப்படுத்தி விற்பவரிடம் நமக்கு வேலையில்லை என்று எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டாவது கடை தி.நகர் பக்கம். சுவர் முழுக்க அருமையான படங்கள், பரிசுக் கோப்பைகள். மனசு நிறைந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன், 'இந்தப் படமெல்லாம் போட்டவர்தான் எங்க பொண்ணுக்கும் போடுவாரா?' வரவேற்பில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே, 'சார் பெரிய வேலை மட்டும்தான் ஆன்ட்டி பண்ணுவார். இது சின்னது, கத்துக்கற பசங்க பண்ணிடுவாங்க' என்றாள். கத்துக்கிற பிள்ளைகளும் யார் கையிலாவது கத்துக்கத்தான் வேண்டும். ஆனால் விலை சாருடைய விலை, கை பசங்களுடைய கை என்றால் எப்படி? சரி, அந்தப் பசங்கள் தனியாகச் செய்த வேலையைக் காட்டச் சொன்னோம். இல்லையாம். இதனால்தான் சொல்கிறேன், கடையைப் பார்க்காதீங்க, கையைப் பாருங்க என்று. சமையல்காரர் பேரைக் கேட்காமல் மண்டபத்தைப் பார்த்துக் கல்யாணச் சாப்பாடு முடிவு பண்ணுவோமா?

மூன்றாவது, அண்ணா நகரில் ஒரு மாடியில் சின்ன இடம். ஒரு பெண்தான் நடத்துகிறார். போர்டுகூடப் பெரிதாக இல்லை. அவர் செய்த முதல் காரியம், டைரிப் பக்கத்தை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்ததுதான். 'அப்பா புள்ளியைச் சின்ன வட்டமாப் போடுவாராம்மா?' என்று கேட்டார். என் அக்கா மகளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஆனாலும் விடாமல் எல்லாம் கேட்டேன். அவரும் சலிக்காமல் பதில் சொன்னார். அவரிடமும், மற்ற கடைகளில் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, இன்ஸ்டாகிராமில் இருக்கும் படத்தை மட்டும் நம்பாதீர்கள். எல்லாப் படமும் குத்தி முடித்த பத்தாவது நிமிஷம் எடுத்தவை. அப்போது எந்த டாட்டூவும் பளிச்சென்றுதான் இருக்கும். 'ஆறி ஒரு வருஷம் ஆனது இருந்தா காட்டுங்க' என்று கேளுங்கள். கோடு பரவியிருக்கிறதா, திட்டுத் திட்டாக வெளுத்திருக்கிறதா என்று அதில்தான் தெரியும். அதிலும் நம் மாநிறத்தில், கறுப்பு நிறத்தில் இருப்பவர்களுக்குச் செய்ததைக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளைத் தோலில் எடுக்கும் மஞ்சளும் வெளிர் நிறங்களும் நம் தோலில் எடுக்காது. பொடிப் பொடி எழுத்தும் வருஷம் போகப் போகப் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 'இவ்வளவு சின்னதா வேண்டாம், கொஞ்சம் பெரிசு பண்ணுங்க' என்று சொல்கிறவர் காசுக்காகச் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள்.

இரண்டாவது, சுத்தம். கூச்சப்படாமல் உள்ளே எட்டிப் பாருங்கள். ஊசி ஒரு தடவை மட்டும் உபயோகிப்பதாக, சீல் வைத்த பாக்கெட்டில், காலாவதித் தேதியோடு இருக்க வேண்டும். நம் கண் முன்னால்தான் பிரிக்க வேண்டும். மையைச் சின்ன புதுக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும், திரும்பப் பாட்டிலில் ஊற்றக் கூடாது. புதுக் கையுறை, புது ரேஸர், படுக்கை மேலும் மெஷின் மேலும் பிளாஸ்டிக் உறை. கையுறையோடு போனை எடுத்துப் பேசினால், 'தம்பி, கிளவுஸ் மாத்திடுங்க' என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. திரும்ப உபயோகிக்கும் உலோகச் சாமான் ஏதாவது இருந்தால், ஆட்டோகிளேவ் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரிய பேராக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், நம் பிரஷர் குக்கரின் அண்ணன்தான் அது. 15 பவுண்டு அழுத்தத்தில், 121 டிகிரி சூட்டில் கிருமியைக் கொல்லும். உபயோகித்த ஊசியைப் போடத் தனியாகக் கெட்டியான டப்பா இருக்கிறதா என்றும் பாருங்கள். சாதாரணக் குப்பைத் தொட்டியில் போட்டால், நாளைக்குக் குப்பை அள்ள வரும் அம்மாவின் கையில்தானே குத்தும்?

மூன்றாவது, அவர் நம்மிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். நல்ல கலைஞர் வயதுச் சான்று கேட்பார். 18 ஆகாதவர்களுக்குச் செய்ய மாட்டார். சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, காயம் பட்டால் தழும்பு மேடாக வளருமா, கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா என்றெல்லாம் விசாரிப்பார். தழும்பு மேடாக வளரும் வாகு இருந்தால் தோல் டாக்டரைப் பார்க்காமல் ஊசி வைக்கவே கூடாது. எதையும் கேட்காமல் 'உட்காருங்க' என்பவரிடம் உட்காராதீர்கள்.

நான்காவது, புக் செய்யும் முறை. சும்மா 'ரேட் என்ன?' என்று வாட்ஸ்அப்பில் கேட்டால் சரியான பதில் வராது. வீட்டில் இருக்கும் தையல் டேப்பை எடுத்து, எத்தனை அங்குலம் வேண்டும், உடம்பில் எந்த இடம் என்று அளந்து, போட்டோவோடு அனுப்புங்கள். சிலர் சதுர அங்குலக் கணக்கு, சிலர் மணிக்கணக்கு. எவ்வளவு சின்னதானாலும் குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று இருக்கும். அட்வான்ஸ் எவ்வளவு, மனசு மாறினால் அது திரும்பி வருமா அல்லது தேதி மாற்றிக்கொள்ளலாமா, ஆறின பிறகு எங்கேயாவது மை விட்டுப் போயிருந்தால் சரி செய்து தர காசு உண்டா என்பதையெல்லாம் முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் 1,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, மூன்று வாரம் தள்ளித்தான் தேதி கொடுத்தார். 'அதுக்குள்ள நல்லா யோசிச்சுக்கோம்மா. வேண்டாம்னு தோணினா கூச்சப்படாம சொல்லிடு' என்றார். மொத்தம் 3,500 ரூபாய் ஆயிற்று. கொத்தவரங்காய்க்குப் பேரம் பேசுவது போல இதில் பேசாதீர்கள். நாம் 500 ரூபாய் குறைக்கச் சொன்னால், அவர் எதைக் குறைப்பார் என்று நமக்குத் தெரியாது. கட்டுப்படி ஆகவில்லையா, இரண்டு மாதம் சீட்டுப் போட்டுச் சேர்த்துக்கொண்டு போங்கள்.

தேதி குறிக்கும்போது பரீட்சை, கல்யாணம், ஊர்த் திருவிழா இவற்றுக்கு முன்னால் வேண்டாம். சித்திரை, வைகாசி வேர்வையும் புழுக்கமும் புண்ணுக்கு ஆகாது. மார்கழி, தை நல்லது. இன்னொன்று, டாட்டூ குத்தினால் 12 மாதத்துக்கு ரத்ததானம் கொடுக்க முடியாது. வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் இருந்தால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி அறை அல்லது திரை உண்டா, கூட ஒருவர் உட்காரலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். 'வெளியில வெயிட் பண்ணுங்க' என்று கண்டிப்பாகச் சொல்லும் இடத்தில் பெண்ணை விடாதீர்கள்.

எந்த இடத்தில் குத்துவது என்பதும் பெரிய விஷயம். போலீஸ், ராணுவம் என்று கனவு உள்ள பிள்ளைகள் கவனிக்க வேண்டும். ராணுவத்தில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்பக்கமும், புறங்கையும் மட்டும்தான் பொதுவாக அனுமதி. மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில், முன்னங்கை என்றால் சல்யூட் அடிக்காத இடது கை மட்டும்தான், அளவுக்கும் கட்டுப்பாடு உண்டு. விமானப் பணிப்பெண் வேலையில் வெளியே தெரியும் டாட்டூவைப் பல கம்பெனிகள் ஏற்பதில்லை. ஆள் எடுக்கும் அறிவிப்பைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும். 'பிடிக்கலைன்னா லேசர்ல எடுத்துக்கலாம்' என்பார்கள். ஒரு தடவையில் போகாது. வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை போக வேண்டும். கறுப்பு ஓரளவு போகும், பச்சையும் மஞ்சளும் லேசில் போகாது. குத்தினதைப் போலப் பல மடங்கு செலவு ஆகும். அதனால் காதலன் பேர், காதலி பேர் என்று கேட்கும் பிள்ளைகளிடம், 'ஒரு வருஷம் பொறு கண்ணு' என்று சொல்லிப் பாருங்கள்.

குத்தும் நாளில் வயிறு நிறையச் சாப்பிடச் சொல்லுங்கள், வெறும் வயிற்றில் மயக்கம் வரும். ஊசி வைக்கும் முன்னால், கார்பன் தாள் மாதிரி ஒன்றில் படத்தை எடுத்துத் தோலில் ஒற்றுவார்கள். அந்த நிமிஷம்தான் முக்கியம். எழுத்தாக இருந்தால் ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படியுங்கள். ர, ற, ல, ள, ழ, ன, ண, புள்ளி, துணைக்கால் எல்லாம் சரிதானா? செல்பி எடுத்துப் பார்க்காதீர்கள், சில போனில் இடவலம் மாறித் தெரியும். நேராகக் கண்ணால் பாருங்கள். கோணலாக இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி ஒற்றச் சொல்லலாம். நல்ல கலைஞர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். எங்களுக்கு அந்தப் பெண் மூன்று தடவை ஒற்றிக் காட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகு நம் பாட்டி வைத்தியத்தைத் தயவுசெய்து ஓரம் கட்டுங்கள். மஞ்சள் அரைத்துப் போடுகிறேன், தேங்காய் எண்ணெய் தடவுகிறேன் என்று கிளம்ப வேண்டாம். அது ஒரு திறந்த காயம். கை கழுவிவிட்டு, காரமில்லாத சோப்பில் மெதுவாக அலம்பி, ஒற்றித் துடைத்து, அவர்கள் சொன்ன களிம்பை மெல்லிசாகத் தடவினால் போதும். இரண்டு மூன்று வாரம் கடல், நீச்சல் குளம், உச்சி வெயில் கூடாது. பொருக்கைப் பிய்க்கக் கூடாது. மூன்று நாளுக்குப் பிறகும் சிவப்பு கூடிக்கொண்டே போனாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ நேரே டாக்டரிடம்தான் போக வேண்டும். கடைக்குப் போன் போட்டு ஆலோசனை கேட்டு நாளைக் கடத்தாதீர்கள்.

சில அம்மாக்கள், 'நிரந்தரமா வேண்டாம், கறுப்பு மருதாணி வெச்சுக்கோ' என்று சமாதானம் செய்கிறார்கள். சகோதரிகளே, நம் வீட்டு மருதாணி கறுப்பாகச் சிவக்காது. கறுகறுவென்று பத்து நிமிஷத்தில் பிடிக்கிறது என்றால் அதில் தலைச்சாயத்தில் போடும் ரசாயனம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சிலருக்கு அது கொப்புளம் போட்டுத் தழும்பாகிவிடும். மருதாணி என்றால் அரைத்து வையுங்கள்.

அரசாங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். கடை நடத்த மாநகராட்சியில் தொழில் உரிமம் வாங்குகிறார்கள். அது கடைக்கு அனுமதியே தவிர, ஊசி வைக்கிறவர் சுத்தம் தெரிந்தவர் என்பதற்குச் சான்று ஆகாது. 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் இளைஞர்களின் நாக்கையே இரண்டாகப் பிளந்து, படமும் எடுத்துப் போட்டு, அது வெளியே தெரிந்த பிறகுதான் கைதும் கடைக்குச் சீலும் நடந்தது. நடந்த பிறகு பூட்டுவதைவிட, முன்னாலேயே பார்ப்பது நல்லதில்லையா? ஹோட்டல் சமையலறையைச் சோதிக்க அதிகாரிகள் வருகிறார்கள். ரத்தம் படுகிற தொழிலுக்கும் அப்படி ஒரு சோதனை வேண்டும். ஊசிச் சுத்தம் பற்றிப் பயிற்சி எடுத்தவர்களுக்கு மட்டும் சான்றிதழ் கொடுத்து, அதைக் கடை வாசலில் மாட்டச் சொல்ல வேண்டும். நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களுக்கும் அது கௌரவம்தானே?

நான் எல்லோரையும் டாட்டூ குத்திக்கொள்ளச் சொல்லவில்லை. பிடிக்காதவர்கள் பிடிக்காது என்று பிள்ளைகளிடம் தாராளமாகச் சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். ஆனால் 'கேட்டா அடி விழும்' என்ற பயத்தை மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்தப் பயம்தான் பிள்ளையை 200 ரூபாய்த் தட்டியில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. காய்ச்சல் வந்தாலும் சொல்ல விடாமல் செய்கிறது. கத்தரிக்காயில் சொத்தை பார்க்கத் தெரிந்த நமக்கு, ஊசி பாக்கெட்டில் சீல் பார்க்கத் தெரியாதா? பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டால் ஒரு நாள் வீட்டு வேலையைத் தள்ளி வைத்துவிட்டுக் கூடவே போய் மூன்று கடை ஏறி இறங்குங்கள். இரண்டு கடையில் திரும்பி வந்துவிடலாம் என்பதைப் பிள்ளையும் நம்மிடம் கற்றுக்கொள்ளும்.

இதைப் பற்றி மற்ற வாசகியரும் தங்கள் அனுபவத்தை எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை.